ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு சாக்ஸபோன்: முதல் மாதம் எங்கிருந்து தொடங்குவது?

கீபோர்டு_திருச்சி எழுதியது:

வணக்கம். திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியராக இருக்கிறேன். கீபோர்டும் புல்லாங்குழலும் என் வாத்தியங்கள். சாக்ஸபோன் ஓரளவு வாசிப்பேன், ஆனால் இதுவரை யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஐந்து ஆல்டோ சாக்ஸபோன் வாங்கித் தந்திருக்கிறார், அதனால் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து சனிக்கிழமை வகுப்பு தொடங்கியாயிற்று. பிள்ளைகளுக்கு ஆசை கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. ஊதினால் பாதி நேரம் கீச்சென்று கத்துகிறது, மீதி நேரம் வெறும் காற்று. ஒரு பையனுக்குக் கழுத்து வலிக்கிறதாம், ஒரு பெண்ணுக்குக் கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகிவிட்டது.

முதல் மாதம் எதைச் சொல்லித் தருவது, எதைத் தள்ளிப்போடுவது? ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்திய முறை) தொடங்கலாமா, ஸரிகம சொல்லிக் கொடுக்கலாமா? மூன்று பேர் ஏற்கெனவே பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள். ரீட் (மவுத்பீஸில் மாட்டி ஊதுகிற மெல்லிய நாணல் பட்டை) எந்தக் கடின எண்ணில் வாங்குவது? இப்போது எல்லாரிடமும் இரண்டரைதான் இருக்கிறது. ஆண்டு விழாவில் மேடையேற்ற வேண்டும் என்று தலைமை ஆசிரியர் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார், அது வேறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பேண்ட் எழுதியது:

வாத்தியாரே, அடுத்த சனிக்கிழமை வாத்தியத்தின் உடம்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். வாயில் வைக்கிற மவுத்பீஸ், ரீட், ரீட்டை இறுக்கிப் பிடிக்கிற லிகேச்சர் மூன்று மட்டும் வெளியே வரட்டும். விரல் எங்கே வைப்பது என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள், வாய் வைப்பது அப்படி வராது, தப்பாகப் பழகிவிட்டால் திருத்த வருஷக் கணக்காகும்.

ரீட்டை முதலில் வாயில் வைத்து நன்றாக நனைக்கச் சொல்லுங்கள். காய்ந்த ரீட்தான் பாதி கீச்சுக்குக் காரணம். மாட்டும்போது ரீட்டின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் சமமாக இருக்க வேண்டும், எதிரே பிடித்துப் பார்த்தால் ரீட்டுக்கு மேல் மயிரிழை அளவு கருப்பு தெரியலாம், அவ்வளவுதான். கோணலாக மாட்டிய ரீட் யார் ஊதினாலும் கத்தும்.

எவ்வளவு உள்ளே வைப்பது என்று பிள்ளைகளுக்கு வாயால் விளக்க முடியாது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை எடுத்து மவுத்பீஸுக்கும் ரீட்டுக்கும் இடையில் நுனிப் பக்கமிருந்து செருகுங்கள், போய் ஓர் இடத்தில் நிற்கும். அங்கேதான் ரீட் மவுத்பீஸை விட்டு விலக ஆரம்பிக்கிறது, கீழ் உதடு அந்த இடத்துக்கு வர வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ரீட் மேல் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அதற்கு முன்னாலேயே உதடு நின்றுவிட்டால் சத்தம் மெலிந்து மூச்சு முட்டும், தாண்டிப் போனால் அலறும்.

மேல் பல் மவுத்பீஸின் மேல் நேராக உட்கார வேண்டும். கீழ் உதடு கீழ்ப் பல்லின் மேல் லேசாக மடிந்து மெத்தை மாதிரி இருக்க வேண்டும். வாயின் இரண்டு ஓரமும் உள்பக்கம் சேர வேண்டும், ‘உ’ சொல்லும்போது குவிகிற வாய்தான் கிட்டத்தட்ட. சிரிக்கிற மாதிரி ஓரம் விரிந்தால் காற்று பக்கவாட்டில் கசியும், அதை அடக்கத் தாடை கடிக்கும். அந்தப் பெண்ணுக்கு உதட்டில் புண் வந்தது இந்தக் கடியால்தான் இருக்கும்.

இப்போது போனில் டியூனர் செயலியைத் திறந்து வைத்து ஊதச் சொல்லுங்கள். ஆல்டோ மவுத்பீஸ் மட்டும் ஊதினால் ஏ வர வேண்டும், அதாவது நம் சுருதிக் கணக்கில் ஆறு கட்டை, 880 ஹெர்ட்ஸ். பி, சி என்று மேலே ஏறிக்கொண்டே போனால் பிள்ளை கடிக்கிறது. ஜி-க்கும் கீழே தொங்கினால் உதட்டில் பிடிப்பே இல்லை. யார் ஏ-வை ஆடாமல் அதிக நேரம் பிடிக்கிறார்கள் என்று வட்டமாக உட்கார வைத்துப் போட்டி வையுங்கள், ஒருவரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் நெக்கை, அதாவது மவுத்பீஸ் மாட்டுகிற வளைந்த குழாயை, பொருத்தி ஊத வேண்டும், அப்போது ஏ-ஃப்ளாட், ஐந்தரை கட்டை வரும். இந்த இரண்டும் நிலைத்து நின்ற பிறகு உடம்பை மாட்டினால் முதல் நாளே சத்தம் கேட்க நன்றாக இருக்கும்.

கழுத்து வலிக்கு வருகிறேன். ஆல்டோ இரண்டரை கிலோ பக்கம் இருக்கும், பதினொரு வயதுப் பையனுக்கு அது கனம்தான். பிள்ளை தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கும்போது மவுத்பீஸ் தானாக வாய்க்கு வரும் உயரத்தில் ஸ்ட்ராப்பை வையுங்கள். பெரும்பாலும் ஸ்ட்ராப் தொங்கலாக இருக்கும், பிள்ளை குனிந்து தேடிப்போய் வாயை வைக்கும், வலது கட்டைவிரலால் முழு எடையையும் தூக்கும். அப்படியும் வலித்தால் இரண்டு தோளிலும் மாட்டுகிற ஹார்னஸ் வாங்கிவிடுங்கள். சின்ன உடம்புக்காரர்கள் உட்கார்ந்து வாசிக்கும்போது வாத்தியத்தை வலது தொடைப் பக்கம் சாய்த்துக்கொள்ளட்டும், அதற்கேற்ப மவுத்பீஸைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை கோணும்.

சுரம் என்று எடுத்தால் முதலில் பி, ஏ, ஜி. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் பி, நடுவிரல் சேர்ந்தால் ஏ, மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. இந்த மூன்றில் ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் நீளமாக, ஆடாமல். ஆரம்பத்திலேயே வேகம் வேண்டாம்.

பேட்_ஸ்பிரிங் எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் பழுது பார்க்கிறவன், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: பிள்ளைகளைத் திருத்துவதற்கு முன்னால் ஐந்து வாத்தியத்தையும் நீங்களே ஒருமுறை ஊதிப் பாருங்கள். மேல் பி-யிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி அடியில் இருக்கும் பி-ஃப்ளாட் வரை. உங்களுக்கே கீழ்ச் சுரங்கள் சிரமப்பட்டு வருகின்றன என்றால் எங்கோ பேட் (கீக்கு அடியில் துளையை மூடுகிற மெத்தை) கசிகிறது, அந்த வாத்தியத்தில் பதினொரு வயதுப் பிள்ளை எவ்வளவு மெனக்கெட்டாலும் வராது. இருட்டான அறையில் மெல்லிய எல்.இ.டி. விளக்குச் சரத்தை உள்ளே விட்டு, கீயை லேசாக அழுத்திப் பார்த்தால் எந்த பேட் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ அதுதான் குற்றவாளி. லேசாக அழுத்துவது முக்கியம், பலம் கொடுத்து அழுத்தினால் கெட்ட பேட்கூட மூடிக்கொள்ளும்.

புது வாத்தியத்திலேயே அடிக்கடி பார்க்கிற இரண்டு கோளாறு சொல்கிறேன். ஒன்று, ஜி-ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்வது. அந்த பேட் சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும், ஈரம் பட்டுப் பட்டுப் பிசுபிசுத்துவிடும், கீயை அழுத்தினாலும் திறக்காது, பிள்ளை சரியாக விரல் வைத்தும் வெறும் ஜி-யே வரும். ஒரு மெல்லிய காகிதத்தை பேட்டுக்கு அடியில் வைத்து மூடி, மெதுவாக இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். வாசிப்பதற்கு முன்னால் ஜூஸ், மிட்டாய், டீ எதுவும் கூடாது என்று சட்டமே போடுங்கள். சர்க்கரை எச்சில் உள்ளே போனால் பேட் எல்லாம் பசை பிடித்துவிடும்.

இரண்டாவது, மேல் ஸ்தாயிக்குப் போக உதவுகிற, நெக் மேலே இருக்கும் ஆக்டேவ் கீ. பிள்ளைகள் நெக்கை உள்ளே திருகும்போது அந்தக் கீயைச் சேர்த்துப் பிடித்து முறுக்குவார்கள், வளைந்துவிடும். சோதிப்பது சுலபம்: ஜி-க்கு விரல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஆக்டேவ் கீயை விட்டுவிட்டு அழுத்துங்கள். நெக்கில் இருக்கும் பேட் திறக்கவே கூடாது. ஏ-வுக்கு விரலை மாற்றினால் திறக்க வேண்டும். ஜி-யில் அது துளி எழும்பினாலும் ஜி தானாக மேல் ஸ்தாயிக்குத் தாவும், கீழ்ச் சுரங்களும் உடையும். எத்தனையோ பிள்ளைகள் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள், பாவம்.

ரீட் விஷயம்: இரண்டரையை எடுத்து வைத்துவிட்டு எல்லாருக்கும் இரண்டாம் எண் கொடுங்கள், உடம்பு சின்னதாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றரை. கம்பெனிக்குக் கம்பெனி எண் ஒன்றாக இருக்காது. வாண்டோரன் நீலப் பெட்டி இரண்டு, ரிகோ ஆரஞ்சுப் பெட்டி இரண்டைவிடக் கடினம், அதனால் தொடக்கத்துக்கு ரிகோ பக்கமே போங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று ரீட் இருக்கட்டும், மாற்றி மாற்றி வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் மவுத்பீஸிலிருந்து கழற்றித் துடைத்து, காற்றுப்படுகிற உறையில் தட்டையாக வைக்க வேண்டும். மவுத்பீஸிலேயே விட்டுவிட்டால் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். மவுத்பீஸையும் ரீட்டையும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவே கூடாது, வாத்தியத்தைப் பகிர்ந்தாலும் இந்த இரண்டும் தனித்தனி.

வாத்தியத்தோடு வந்த மவுத்பீஸ் மட்டமாக இருந்தால் யமஹா 4சி வாங்கிப் போடுங்கள். செலவு அதிகமில்லை, தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நம்பகமானது நான் பார்த்ததில்லை.

செம்பனார்கோயில்காரன் எழுதியது:

நாதஸ்வரக் குடும்பம், இப்போது கோயிலிலும் கல்யாணத்திலும் தவிலோடு சாக்ஸபோன் வாசிக்கிறேன். ஸரிகம-வா ஸ்டாஃபா என்ற கேள்விக்கு என் பதில் ஸரிகம. பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் மூன்று பேர் இருக்கும்போது அவர்கள் காதில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஐந்து கோட்டிலிருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும்? முதலில் பாடட்டும், பாடியதை ஊதட்டும். தம்புரா செயலி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கத்ரி கோபால்நாத் அய்யாவை (1949–2019) எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நாதஸ்வர வித்வான், இவர் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டார், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடாந்தரம் செய்தார், 1994-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழா மேடை வரை போனார். வாத்தியம் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியது, ஆனால் கத்ரி அய்யா வாசித்தது முழுக்க வாய்ப்பாட்டு வழி. பிள்ளைகளுக்கு அவர் கச்சேரி ஒன்றைக் கண்ணை மூடிக் கேட்க வையுங்கள், எந்த நாதத்தைத் தேடி ஊதுகிறோம் என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

சரி, ஸட்ஜத்தை எங்கே வைப்பது? ஆல்டோவில் ஜி விரலில் வைத்தால் வெளியே கேட்பது பி-ஃப்ளாட், ஆறரை கட்டை. இதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. ஜி, ஏ, பி என்று பெரம்பூர் அண்ணன் சொன்ன அதே மூன்று விரலும் ஸ, ரி, க ஆகிவிடும். கீழே இறங்கினால் ஈ, டி, அதாவது மந்திர ஸ்தாயி த, ப. ஆக ப த ஸ ரி க என்று மோகன ராகத்தின் ஐந்து சுரமும் ஆக்டேவ் கீயைத் தொடாமலே கைக்கு வந்துவிடும்! ஸ ரி க ரி ஸ, ஸ த ப த ஸ என்று பின்னிப் பின்னி வாசிக்கலாம், அதுவே ராகமாகக் கேட்கும், பிள்ளைக்கும் பெருமையாக இருக்கும்.

ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குரலுக்கு அது மிகச் சரி. இந்த வாத்தியத்தில் ஸ ஜி-யாக இருந்தால் ரி வந்து ஜி-ஷார்ப், இடது சுண்டுவிரல். த வந்து ஈ-ஃப்ளாட், வலது சுண்டுவிரல். ம-விலிருந்து ப-வுக்குப் போவதோ ஒற்றை விரலில் வாசிக்கிற சி-யிலிருந்து ஆறு விரலும் ஆக்டேவ் கீயும் சேர்ந்த டி-க்குத் தாவுவது. மூன்று கஷ்டத்தையும் முதல் பாடத்திலேயே பிள்ளை தலையில் வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மோகனத்தில் கை பழகி, சங்கராபரணத்தில் சரளி வரிசை முடித்து, அப்புறம் மாயாமாளவகௌளைக்கு வாருங்கள்.

நாக்கு: நாதஸ்வரத்தில் துத்துகாரம் என்போமே, அதேதான். ‘து’ என்று சொல்லும்போது நாக்கு நுனி போய்த் தொடுகிற இடத்தில் இங்கே ரீட் நுனி இருக்கிறது. தொட்டு விலக வேண்டும், காற்று நிற்கக் கூடாது. து து து என்று வாயால் சொல்லவிட்டு, பிறகு ஊதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் தொண்டையில் காற்றை வெட்டி வெட்டி விடுகிற பழக்கம் வந்துவிட்டால் போக்குவது கடினம்.

சுரத்தை அசைத்து வழுக்குகிற கமகத்தை இப்போது கேட்காதீர்கள். புல்லாங்குழலில் நீங்கள் துளையின் மேல் விரலை வழுக்குவீர்கள், இதில் விரலுக்கும் துளைக்கும் நடுவே பேட் இருக்கிறது. கீயை மெதுவாக அழுத்தியும் தாடையைத் தளர்த்தியும்தான் வழுக்க வேண்டும், அதற்கு உதடு முதலில் நிலைத்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நானும் பெரம்பூர் அண்ணன் கட்சிதான், நீளமாக ஊதாமல் எதுவும் நடக்காது.

பெரம்பூர்_பேண்ட் எழுதியது:

மோகனம் யோசனை அருமை, என் பிள்ளைகளிடமும் செய்து பார்க்கிறேன். ஆனால் ஸ்டாஃபை முழுக்கத் தள்ளிவைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் டிரினிட்டி கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்றாலோ, பேண்டில், சர்ச் இசைக்குழுவில் சேர வேண்டும் என்றாலோ தாளைப் பார்த்து வாசிக்கத் தெரியாமல் வாசலில் நிற்கக் கூடாது. காதில் ஸரிகம, கையில் விரல், இரண்டும் ஒட்டிய பிறகு, மூன்றாவது மாதம் போல, தெரிந்த சுரங்களையே கோட்டில் எழுதிக் காட்டுங்கள். தெரிந்ததைப் படிப்பது பயமாக இருக்காது.

கீபோர்டு வாசிக்கிறவர் என்பதால் உங்களுக்கு ஒன்று. ஆல்டோவில் சி என்று எழுதியதை ஊதினால் ஈ-ஃப்ளாட் கேட்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் ‘ப்ளஸ் 3’ வைத்துவிடுங்கள், அப்புறம் பிள்ளை ஜி என்றால் நீங்களும் ஜி-யையே அழுத்தலாம், சுருதி சேர்ந்துவிடும். வகுப்பில் ஒரே பெயரில் பேசிக்கொள்ளலாம்.

அப்பார்ட்மெண்ட்_அம்மா எழுதியது:

என் மகள் ஏழாவது படிக்கிறாள், ஆல்டோ கற்றுக்கொள்கிறாள். பெற்றோர் பக்கமிருந்து இரண்டு வார்த்தை. வீட்டில் எவ்வளவு நேரம், எதை வாசிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள் சார், நாங்கள் பார்த்துக்கொள்வோம். ‘பிராக்டிஸ் பண்ணு’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை பெட்டியைத் திறப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்பதைவிட தினமும் பத்து நிமிஷம் எங்களுக்கு நன்றாக நடக்கிறது. வாத்தியத்தின் அகன்ற வாயான பெல்லுக்குள் துண்டை அடைத்தால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சத்தம் எல்லாத் துளையிலிருந்தும் வருகிறது, கீழ்ச் சுரம்தான் கெடுகிறது. நாங்கள் எதிர்வீட்டாரிடம் போய் மாலை ஆறிலிருந்து ஆறரைக்குள் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டோம், அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

உதட்டுப் புண் பற்றி: அந்தப் பெண் பல்லுக்கு க்ளிப் போட்டிருக்கிறாளா? என் மகளுக்குப் போட்டபோது பல் டாக்டர் தருகிற மெழுகைக் கீழ் க்ளிப் மேல் உருட்டி வைத்துக்கொண்டு வாசித்தாள். பழக்கமாகும்வரை உதவியது.

கீபோர்டு_திருச்சி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. க்ளிப் இல்லை அம்மா, ஸ்ட்ராப்பை ஏற்றி வைத்ததும் அவள் கடிப்பது குறைந்துவிட்டது, புண்ணும் ஆறிவருகிறது. இரண்டாம் எண் ரீட் வாங்கிவிட்டேன். மவுத்பீஸ் மட்டும் வைத்து ஊத வைத்ததில் மூன்று பேருக்கு ஏ நன்றாக நிற்கிறது. ஒரு பையனுக்கு மட்டும் இன்னும் காற்றுச் சத்தம்தான் அதிகம். இன்னொரு பிள்ளைக்கு ஜி வரை அழகாக வருகிறது, கீழே ஈ, டி-க்கு இறங்கினால் கட் ஆகிவிடுகிறது, அல்லது மேல் ஸ்தாயிக்கு ஓடுகிறது. ஆண்டு விழா பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

பேட்_ஸ்பிரிங் எழுதியது:

காற்றுச் சத்தப் பையனின் ரீட்டை வெளிச்சத்தில் பாருங்கள், நுனியில் துளி வெடிப்பு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நுனி நெளிநெளியாக இருந்தால் இன்னும் நனையவில்லை. ரீட் நன்றாக இருந்தால் ஒன்றரை கொடுத்துப் பாருங்கள். அதிலும் காற்று வந்தால் வாய் ஓரம் கசிகிறது, அண்ணன் சொன்ன பென்சில் கோட்டுக்கு உதடு போய்ச் சேரவில்லை, இரண்டில் ஒன்று.

ஈ, டி பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளை ஊதட்டும், விரலை நீங்கள் வையுங்கள். எதிரே நின்றுகொண்டு நீங்கள் கீயை அழுத்த, அது மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது டி கணீரென்று வந்தால் பிரச்சினை விரலில்: மோதிர விரல் கீயின் நடுவில் படாமல் ஓரத்தில் படுகிறது, அல்லது இடது உள்ளங்கை மேலே இருக்கும் பாம் கீயைத் தெரியாமல் அழுத்துகிறது, சின்னக் கைக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நீங்கள் விரல் வைத்தும் வரவில்லை என்றால் வேறு வாத்தியத்தில் ஊத வைத்துப் பாருங்கள், அவரவர் மவுத்பீஸோடு. அதில் வந்தால் இந்த வாத்தியத்தை ரிப்பேருக்கு அனுப்புங்கள், நெக் ஆக்டேவ் கீயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பேண்ட் எழுதியது:

இரண்டு வாத்தியத்திலும் சத்தம் வந்தும் மேல் ஸ்தாயிக்கு ஓடுகிறது என்றால் கீழே இறங்கும்போது பிள்ளை பயத்தில் கடிக்கிறது. ஜி-யை நீளமாக ஊதவிட்டு, வாயை அசைக்காதே என்று சொல்லி, எஃப், ஈ, டி என்று நாக்கு போடாமல் ஒரே மூச்சில் இறக்குங்கள். பின்னால் டி நன்றாக வந்த பிறகு, அதே டி-யில் வாயை மாற்றாமல் ஆக்டேவ் கீயை மட்டும் அழுத்தி மேல் டி-க்குப் போகப் பழக்கலாம். சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்கும் விரல் அதேதான் என்பது பெரிய வரம், கிளாரினெட் பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் கிடையாது. கட்டைவிரலைத் தூக்கி வைக்காமல் அங்கேயே உருட்ட வேண்டும், அது மட்டும் ஞாபகம்.

செம்பனார்கோயில்காரன் எழுதியது:

ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு கேட்பார்கள், மசியாதீர்கள். தம்புரா ஆறரை கட்டையில் ஓட, ஐந்து பேரும் சேர்ந்து ஸ-வை நீளமாக ஊதி நிறுத்தட்டும். பிறகு ப த ஸ ரி க-வுக்குள் நீங்களே ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) எழுதுங்கள், இரண்டு பேர் ஸ-வைப் பிடித்துக்கொள்ள மூன்று பேர் வாசிக்க, அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் தவில் வாசிக்கிற பையன் ஒருவன் நிச்சயம் இருப்பான், அவனையும் உட்கார வையுங்கள். மூன்று நிமிஷம் போதும். காற்றுச் சத்தப் பையனை ஒதுக்கிவிடாதீர்கள் சார், ஸ மட்டும் பிடிக்கிற வேலையை அவனுக்குக் கொடுங்கள், அந்த ஒரு சுரத்தை அவன் வீட்டில் தினமும் ஊதினாலே மீதி வந்துவிடும். மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரையும் ஊதவிட்டு வாத்தியத்தைச் சூடாக்கிக்கொண்டு அப்புறம் சுருதி சேருங்கள், குளிர்ந்த வாத்தியம் இறங்கிப் பேசும். ஏ.சி. அரங்கம் என்றால் இன்னும் கவனம்.